அன்னபூரணத்தின் கொடியை அடையாளங்கண்ட ஆசானுக்கு

கரம்பொன் மண்ணின் கண்ணியமே, கற்றதனைக் கரவாது கற்பித்த கனிவே, உப்புக் காற்றிலும் உலராத உள்ளமே, இன்று ஓய்வுபெறும் விஞ்ஞான ஆசிரியர் உயர்திரு பரராசசிங்கம் அவர்களே!

தங்கள் சேவையைத் தாளில் அடக்க எங்களுக்கு ஏலாது. தாங்கள் ஒளித்தொகுப்புப் படிப்பித்த அன்று யன்னலோரப் பனை பாடங்கேட்க உட்புறம் சாய்ந்தது, இன்றுவரை நிமிரவில்லை. அதற்கு விளங்காத இடம் இன்னும் ஏதோ உண்டென்றே கருதுகிறோம்.

அறுபத்துநான்காம் ஆண்டுப் புயலில் கடல் நம் பாடசாலைக்குள் வந்து, மாணவனைப்போலக் கடைசி வாங்கில் சற்று இருந்துவிட்டு, சொல்லாமல் போயிற்று. போகும்போது தங்கள் வளவிலிருந்த கொடியொன்றைக் கருக்கிவிட்டுப் போயிற்று. தங்கள் துணைவியார் அன்னபூரணம் அம்மையார், வேலியில் தானாய்ப் படரும் காட்டுக் கொடித்தோடையின் மகரந்தத்தைச் செம்பூக் கொடித்தோடையில் தம் கையாற் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம் அது. பூக்கும், காய்க்காது. ஆதலால் விதையுமில்லை. காய்க்காததை வெட்டி ஆட்டுக்குப் போடும்படி அயலவர் சொல்லும்போதெல்லாம், பிள்ளையில்லாத அம்மையார் அதற்குத் தண்ணீர் ஊற்றினார். அடுத்த மாரிக்குள் அம்மையாரும் மறைந்தார்.

அதன் தண்டொன்று எங்கேனும் தழைத்திருக்குமென்று, அதன்பின் தாங்கள் தேடாத வேலியில்லை. நெடுந்தீவுக் குதிரைகள் தங்களைக் கண்டதும், தாம் தின்னவில்லையென்று வாயைத் திறந்து காட்டியதை அறிவோம்.

அக்கொடியோ தாங்கள் நாளும் சைக்கிளிற் கடந்த வேலியொன்றிலே, மீனவர் வீட்டு றோசம்மாவின் வேலியிலே இருந்தது. இலை காட்டுக்கொடியின் இலை போன்றது. பூவையோ றோசம்மா விடியலில் ஒன்றுவிடாமற் பறித்து மாதாவின் பாதத்தில் வைத்துவிடுவார். பூவோடு அக்கொடியைத் தாங்கள் கண்டதில்லை. சைவரான தாங்கள் அதுகாறும் தேவாலயத்துள் காலடி வைத்ததுமில்லை.

பஸ்ரியாம்பிள்ளை ஆசிரியரின் மகள் திருமணத்தன்றுதான் வைத்தீர்கள். நாங்கள் மணமகளைப் பார்த்தோம். தாங்கள் மாதாவின் பாதத்தைப் பார்த்தீர்கள். அங்கொரு பூ: புறத்தே காட்டுக்கொடிக்குரிய பச்சை நூல்வலை, அகத்தே செம்மை. அதை வைத்த றோசம்மாவை வினவினீர்கள்.

"அன்னபூரணமக்கா தந்த தண்டு, மாஸ்ரர். காய்க்காது, ஆனா வெட்டிப்போடாதையும் எண்டு சொன்னவ" என்றார்.

அப்போதும் தாங்கள் அவசரப்படவில்லை. கலப்பினத்தின் மகரந்தம் சுருங்கி வெறுமையாயிருக்குமென எங்களுக்கு விளக்கி, அதைப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்து நெடுநேரம் பார்த்தபின், "அவவின்ரைதான்" என்றீர்கள். அடுத்து நாங்கள் பார்த்தோம். கண்வில்லை நனைந்திருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கருவி பழுதென்றீர்கள். நாங்களும் அவ்வாறே ஒப்புக்கொண்டோம்.

பெருந்தகையீர்! வேரோடு பெயர்த்துத் தருவதாக றோசம்மா சொன்னபோது, அம்மையார் கொடுத்ததைத் திருப்பி வாங்குவதில்லை என மறுத்தீர்கள். தண்டுகள் மட்டும் வாங்கி நட்டீர்கள். தங்கள் வளவின் உவர்மண்ணில் அவை யாவும் பட்டுப்போயின. பாடசாலைக்கு வரும் வழியே அக்கொடியைக் காணும் வழியாயிற்று. நாளைமுதல் அவ்வழியே வரத் தங்களுக்குக் கடமையில்லை. இந்த விழாவில் எங்கள் நெஞ்சை அறுப்பது அதுவே.

இதையறிந்து றோசம்மா எங்களிடம் சொல்லியனுப்பியது இது: "மாஸ்ரரை நெடுகவும் வரச் சொல்லுங்கோ. இனி ஒரு பூவைக் கொடியிலையே விடுறன். மாதா கோவிக்கமாட்டா."

அப்பூ தங்களுக்காகக் காத்திருக்கும் காலைகள் பல்லாண்டு பெருகுக! அவ்வேலிவரை சைக்கிள் மிதிக்கும் வலிமை தங்கள் கால்களுக்கும், காணும் தெளிவு தங்கள் கண்களுக்கும் குறையாதிருப்பதாக!

பிரிய மனமின்றி,
ஆசிரியரும் அலுவலரும்
கரம்பொன், மார்கழி 1978