மெஷினில் அறுபது கிலோ

– மெதுவா கீழ வைங்க. டைல்ஸ் உடைஞ்சா வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்றது?

– நான் எங்க வச்சேன்? அதுவா இறங்கிடுச்சு.

– எத்தனை கிலோ அந்த டம்பெல்?

– பதினஞ்சு. சிரிக்காதே.

– மெஷின்ல அறுபது இழுப்பீங்களே? வீட்டுக்கு வந்தவங்களை எல்லாம் நிக்க வச்சு காட்டுவீங்களே?

– அதான் மானம் போகுது. இன்னைக்கு இதை வாங்கப் போனப்பதான் கடைக்காரர் விளக்கினார். கேபிள் கப்பியில சுத்தி வர்றதால பாதி பாரத்தை மெஷினே தாங்கிக்குமாம். மீதிக்கு முதுகுச் சாய்மானம் வேற. மூணு வருஷமா ஹால்ல காதுல பாட்டை மாட்டிக்கிட்டு, சுவரைப் பார்த்தபடி இழுத்தேன். உடற்பயிற்சி பண்ணினது மெஷின். நான் துணைக்கு உக்காந்திருந்திருக்கேன்.

– நல்ல ஜோடி.

– அந்த அறுபதை நம்பித்தானே அக்காகிட்ட வாயை விட்டேன். அப்பாவைப் பார்த்துக்கிட்ட ஆள் நின்னுட்டா என்ன, முதியோர் இல்லமெல்லாம் வேண்டாம், நானே தூக்கி நாற்காலியில உக்கார வைக்கிறேன்னு. நாளைக்கு நேர்ல பார்க்க வர்றா. அவ கண்ணு முன்னால நான் அவரைக் கீழ போட்டேன்னு வை, அப்பவே இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவா.

– ஏன் போடப் போறீங்க? அந்த ஆள் போனதிலிருந்து தினமும் காலையில தூக்கிட்டுத்தானே இருக்கீங்க?

– அதான் எனக்கே புரியல. இந்தப் பதினஞ்சு கிலோ என் இடுப்பை ஒடிக்குது. அப்பா அம்பத்தஞ்சு கிலோ. என் கழுத்தைக் கட்டிக்கிட்டார்னா பஞ்சு மாதிரி வந்துடறார்.

– உங்க கை பலம்தான்.

– என் கை பலம் எனக்குத் தெரியாதா? இந்த வீட்ல இறுகின பாட்டில் மூடியெல்லாம் நீதான் திறக்கற.

– சரி, விடுங்க. நாளைக்கும் வந்துடுவார்.

– ஏன் அந்தப் பக்கம் திரும்பற? எதையோ முழுங்கற நீ.

– மாமா சொல்லக் கூடாதுன்னார்.

– என்னத்தை?

– நீங்க தூக்கும்போது அவர் காலை ஊன்றி எழுந்துக்கறார். நீங்க சும்மா பிடிச்சுக்கறீங்க, அவ்வளவுதான்.

– அவருக்குத்தான் கால் வராதே.

– வந்துடுச்சு. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு சமையல்கட்டு வரைக்கும் நடந்து வர்றார். என்கூட உக்காந்து பேப்பர் படிக்கிறார்.

– அப்ப அங்கேயும் நான் துணைக்கு நின்னவன்தானா? சரி, என் பெருமை போகட்டும். எவ்வளவு நல்ல சேதி இது. அக்காவுக்கு ஒரு போன் போட்டா விஷயம் முடிஞ்சுது. இதைப் போய் எதுக்கு எங்கிட்ட மறைக்கணும்?

– நானும் கேட்டேன். "நான் நடக்கிறேன்னு தெரிஞ்சா, அவன் காலையில என் ரூமுக்கு வரமாட்டாம்மா"ன்னார்.