திரும்பி வந்த டிரங்குப் பெட்டி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் அசோகன் அவர்களே, பாத்தி மிதித்துக் காய்த்த கால்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, உப்பு வாரிய கையோடு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, மாலை வணக்கம்.

முதலில் செய்தி. இன்று காலை பதினொரு மணிக்கு மருத்துவக் கல்லூரியில் ஒட்டிய பட்டியலில் நம் பக்கிரி மகள் இலக்கியாவின் பெயர் இருக்கிறது. முதலாண்டு உடற்கூறியலில் தவறியவர்கள் மறுதேர்வு எழுதும் பட்டியல் அது. அறைத்தோழி ஜெர்லின் படம் பிடித்து அனுப்பினார். அலுவலகத்தில் கேட்டு நானும் உறுதி செய்துகொண்டேன்.

ஆம், தவறினாள். மற்ற இரண்டு பாடங்களில் தேறியவள், இதில் தவறினாள். ஏன்? எலும்பு தெரியாமலா? வாய்மொழித் தேர்வில் எல்லா எலும்பையும் தொட்டுக் காட்டினாள். தமிழ் வழியில் படித்தவளுக்கு அதை ஆங்கிலத்தில் விளக்க நா எழவில்லை. "இங்க எதுக்கும்மா வந்த?" என்றாராம் தேர்வாளர். எதற்கு வந்தாள்? வேடிக்கை பார்க்கவா வந்தாள்? இடம் கேட்டுக் கெஞ்சியா வந்தாள்? மதிப்பெண் வாங்கி வந்தாள். மருத்துவம் படிக்க வந்தாள்!

தவறியது தெரிந்த அன்று போனில் அழுதாள். அழைத்து வர விடுதிக்குப் பக்கிரி போனார். டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். வாசலில் எட்டிப் பார்த்த ஒருத்தி, உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்று அப்போதே சொன்னேனே என்றாளாம். இலக்கியா பெட்டியைத் திறந்தாள். புத்தகங்களை மேசையில் அடுக்கினாள். வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டினாள். காலிப் பெட்டியை, இதோ மேடையில் இருக்கும் இதே பெட்டியை, அப்பாவிடம் நீட்டினாள்.

"இத நீ எடுத்துட்டுப் போப்பா. இது இங்க இருந்தா கட்டத்தான் தோணுது."

பெட்டியோடு வந்து இறங்கியவரை மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கேட்டார்: "இன்னா பக்கிரி, பொட்டி வந்துடுச்சி, பொண்ணு எங்க?"

பக்கிரி சொன்னார்: "பொட்டிக்குத்தான் அங்க எடம் இல்ல. பொண்ணுக்கு இருக்குது."

சிரிக்கிறீர்கள். கேட்டவரும் இங்கேதான் இருக்கிறார்; பெயர் சொல்ல மாட்டேன். பின்வரிசையில் இன்னொரு குரல்: மறுபடியும் தவறினால்? நியாயமான கேள்வி. ஓராண்டு போகும். மறுபடியும் எழுதுவாள். மழை வந்து பாத்தி கரைந்தால் வீட்டுக்கா போய்விடுகிறோம்? மறுபடியும் மிதிக்கிறோம், மறுபடியும் நீர் கட்டுகிறோம், மறுபடியும் வாருகிறோம்! நமக்கு உள்ள உரிமை நம் மகளுக்கு இல்லையா?

பெட்டியை மேடைக்குத் தந்த பக்கிரிக்கும், செவி தந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம். மறுதேர்வு வரும் பன்னிரண்டாம் தேதி. முடிவு மாதக் கடைசியில் வரும் என்கிறது அலுவலகம். எந்த முடிவு வந்தாலும், இந்தப் பெட்டி அங்கே போகாது.