எந்த முழங்கால்

— மெதுவாப் பேசு. ஷூவை அங்கயே கழட்டு. அந்தப் பையை எதுக்குத் தூக்கிட்டு வந்தே?

— எந்தப் பை?

— உன் தோள்ல தொங்குதே ட்ராவிஸ், கன்னுக்குட்டி கணக்கா. அந்தப் பை.

— ஓ, இதுவா. ஜிப் போயிருச்சு வெர்னாம்மா. தைக்கக் குடுக்கலாம்னு.

— ஜிப்பா. நான் ஒண்ணும் கேக்கல, சும்மா சொல்றேன். இந்த வீட்டு மாடி ரூமுல வருஷா வருஷம் ஒரு பேஸ்பால் பையன் தங்கறான். கிளப்காரங்க அனுப்பறாங்க, நானும் ஆக்கிப் போடறேன். சீசன் நடுவுல எவனும் பையை வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல. மட்டை, கிளவுஸ் எல்லாம் மைதானத்து அலமாரியிலயே கிடக்கும். வெறுங்கையை வீசிக்கிட்டு வருவானுங்க. பை வீட்டுக்கு வருதுன்னா... சரி விடு. ஜிப்புன்னு சொல்றே. ஜிப்தான்.

— ஜிப்தான்.

— பின்வாசல் வழியா வந்ததும் ஜிப்பாலதானா?

— சந்து வழி கிட்டக்க.

— எங்க கிட்டக்க? சுத்து. முன்பக்கம் வந்தா எதிர்வீட்டு மார்ஜி பார்ப்பா, அதான. எங்க கிளம்பிட்டே, உக்காரு.

— மாடிக்குப் போறேன். கொஞ்சம் படுக்கணும்.

— மாடிக்கு இப்பப் போக வேண்டாம். ஆள் தூங்குது. சோளம் வெந்துட்டிருக்கு, வெண்ணெய் தடவித் தர்றேன்.

— ஆளா? என் ரூம்லயா?

— வேற எங்க இருக்கு இந்த வீட்ல கட்டில்? குரலைத் தணிச்சுக்கோன்னு வந்ததும் சொன்னேனே.

— அதுக்குள்ளயா அனுப்பிட்டாங்க? இன்னும் என் பல் தேய்க்கற பிரஷ்கூட அங்கதான் இருக்கு.

— எதுக்குள்ள? யாரு அனுப்பினாங்க? ஜிப்தானே போச்சு?

— ஒண்ணுமில்ல.

— இந்தா, சோளத்தைப் பிடி. சுடும், துணியோட பிடி.

— பசிக்கல வெர்னாம்மா.

— பசிக்காத ஷார்ட்ஸ்டாப்பை நான் பார்த்ததே இல்ல. போன வருஷத்துக்கு முந்தி இருந்தானே ப்ரைஸ், அவன் ஒரு வாணலி முட்டையைத் தின்னுட்டு, வேற என்ன இருக்குன்னு கேப்பான். கலிபோர்னியாவுல அவன் காலேஜில அவனுக்குச் சுவர் முழுக்கப் படம் எழுதி வச்சிருந்தாங்களாம். இங்க வந்த மறுமாசமே ரெண்டாவது பேஸுக்குத் தள்ளினாங்க. அப்புறம் மூணாவதுக்கு. அப்புறம் லெஃப்ட் ஃபீல்டுக்கு. கடைசியில முகமூடியைக் குடுத்து, மட்டைக்காரன் பின்னால குந்த வச்சு கேட்சராக்கினாங்க. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா டிக்கெட் கிழிக்க விட்டிருப்பாங்க. இப்ப நெடுஞ்சாலையில மெத்தை விக்கிறான்.

— தெரியும். எனக்கே ஒரு தலைகாணி விக்கப் பார்த்தார்.

— நான் யாரையும் குறை சொல்லல. காலேஜ் டீம்ல எவன் வேகமா ஓடறானோ, எவன் கையில பந்து பசை மாதிரி ஒட்டுதோ, அவனைத்தான் ரெண்டாவது பேஸுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஷார்ட்ஸ்டாப்பா நிறுத்தறாங்க. ஊரே அவன் பேரைச் சொல்லுது. காசு வாங்கி ஆடலாம்னு இங்க வந்து பார்த்தா, ரெண்டாவது பேஸ்காரன் காலேஜில ஷார்ட்ஸ்டாப், மூணாவது பேஸ்காரன் ஷார்ட்ஸ்டாப், லெஃப்ட் ஃபீல்டுல புல்லைப் பார்த்துக்கிட்டு நிக்கிறவனும் ஷார்ட்ஸ்டாப். எல்லாருமே மாப்பிள்ளைங்க. பொண்ணு ஒருத்தி.

— ஒருத்தராவது மேல போகலையா?

— போனானே, ஸ்கைலர். எல்லாத்துக்கும் மேல, பெரிய டீமுக்கே போனான். தெருவையே கூப்பிட்டு வச்சு டிவி பார்த்தேன், கேக்கெல்லாம் பண்ணி. ஒரு வாரம் காட்டினாங்க. பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதையை மென்னு மென்னு துப்பிட்டிருந்தான். எட்டாவது நாள் அவனும் இல்ல, விதையும் இல்ல. இப்ப ஒரு ஸ்கூல்ல டிரில் மாஸ்டரு. நல்ல பையன், கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுவான். இரு, போன் அடிக்குது.

— வெர்னாம்மா, நான் இங்க இருக்கறதா...

— ஹலோ. சொல்லு மார்ஜி... ட்ராவிஸா? இல்லையே, மைதானத்துலல்ல இருப்பான்... சந்துலயா? தபால்காரரா இருக்கும்... பையா? தபால்காரர்னா பை இல்லாமயா... ஆமா ஆமா, முன்னால நிக்கிற வண்டி நமக்கு வேண்டியவங்கதுதான். வைக்கிறேன், அடுப்புல வேலையிருக்கு... பார்த்தியா? உனக்காகத் தபால்காரரைக் கொண்டு வந்துட்டேன். இப்பவாவது சொல்லு. முகம் ஏன் பீட்ரூட் மாதிரி ஆயிடுச்சு?

— காலைல மேனேஜர் கூப்பிட்டார்.

— கதவைச் சாத்தச் சொன்னாரா?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நல்ல சேதிக்கு எவன் கதவைச் சாத்தறான்? மேல சொல்லு.

— உன்னை விடுவிக்கிறோம்னார். விடுவிக்கிறோம். நான் என்னமோ ஜெயில்ல இருந்த மாதிரி. முட்டை சாண்ட்விச் தின்னுட்டிருந்தார், கையைத் துடைச்சுட்டு எனக்குக் கை குடுத்தார். சரியாத் துடைக்கல.

— நீ என்ன சொன்னே?

— அதை விடுங்க.

— விடறேன். என்ன சொன்னே?

— கேட்சரா நிக்கிறேன்னேன். ஒரு நாள்கூட நின்னதில்ல, கத்துக்கறேன்னேன். அவர் தலையை ஆட்டினார். பந்து வீசற பிட்சருங்களுக்குப் பந்து பொறுக்கிப் போடறேன்னேன். மட்டையைத் தூக்கறேன், தண்ணி ரொப்பறேன், என்ன வேணா பண்றேன்னேன். அவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நான் நிறுத்தியிருக்கணும் வெர்னாம்மா. வாய் நிக்கல. புல்லு வெட்டறேன்னுகூடச் சொல்லிட்டேன்.

— புல்லு வெட்ட ஆள் இருக்கே. நம்ம மெத்தோடிஸ்ட் சர்ச்சு ஹரோல்டு.

— அதையேதான் அவரும் சொன்னார்.

— ஐயோ ராசா.

— வெளிய வந்தா, யோயெல் நிக்கிறான். டொமினிக்கன்காரப் பையன், என் இடத்துல நிக்கிறவன். அவனுக்கு இங்கிலீஷ் வராதுன்னு நான்தான் போன வருஷம் நாலு வார்த்தை சொல்லிக் குடுத்தேன். அவன் முதல்ல கத்துக்கிட்டது ஸாரி. பந்தை விட்டா சொல்லணும்னு. இன்னிக்கு என் அலமாரிகிட்ட வந்து நின்னு, ஸாரி, ஸாரிங்கறான். நான் அவன் மூஞ்சியையே பார்க்கல. தள்ளிட்டு வந்துட்டேன். சும்மா இல்ல. கையால தள்ளிட்டு.

— சோளம் ஆறுது.

— அதுகூடப் பரவாயில்ல. அப்பா வர்றார்.

— ம். இன்னிக்கு ஆட்டம் பார்க்க வர்றார்னு நீதான் வாரமெல்லாம் சொல்லிட்டு இருந்தியே.

— நான்தான் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை யோயெலுக்கு ஓய்வு, உன்னை நிறுத்திப் பார்க்கறேன்னு மேனேஜர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் உடனே போன் பண்ணி, வெள்ளிக்கிழமை வாங்கப்பா, ஷார்ட்ஸ்டாப்பா நிக்கிறேன்னுட்டேன். எப்பவும் அங்கதான் நிக்கிற மாதிரி சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வாசல்ல வந்து நிப்பார். என்னன்னு சொல்றது?

— உங்கப்பா ரேடியோவுல ஆட்டம் கேக்கறவராச்சே. நீ லெஃப்ட் ஃபீல்டுக்குப் போனது, அப்புறம் பெஞ்சுக்குப் போனது, எல்லாம் கேட்டிருப்பாரே?

— ஒண்ணு விடாமக் கேக்கறார். ஆனா என்னை எதுவும் கேக்க மாட்டார். போன்ல பேசினா மழை, சோளம், பக்கத்து வீட்டு நாய். நீ ஏன்டா லெஃப்ட்ல நிக்கிறேன்னு ஒரு வார்த்தை வந்ததில்ல. அதான் எனக்கு இன்னும் வெக்கமா இருக்கு. திட்டினாக்கூடத் தேவலை.

— ம்.

— ஒரு உதவி பண்ணணும் வெர்னாம்மா. நான் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். நீங்க சொன்னா நம்புவார்.

— பொய்யா?

— சின்னப் பொய். முழங்கால் போயிருச்சுன்னு சொல்லுங்க. காலைப் பயிற்சியில திரும்பும்போது பிசகிருச்சு, டாக்டரு இனிமே ஆடக் கூடாதுன்னுட்டாருன்னு.

— வந்துட்டியா முழங்காலுக்கு.

— ஏன்?

— நான் ஒண்ணும் கேக்கல, சும்மா சொல்றேன். இந்த ஊர்ல ஆட்டத்தை விட்டவன் அத்தனை பேருக்கும் முழங்கால்தான். ப்ரைஸுக்கு முழங்கால். போன மாசம் லூத்தரன் சர்ச்சு விருந்துல போல்கா டான்ஸ் ஆடினான் பாரு, மார்ஜியைத் தூக்கிச் சுத்தினான், அவளும் ஒண்ணும் பறவை இல்ல. இன்ஷூரன்ஸ் டேனிக்கு முழங்கால். கூரை மேல நின்னு ஓடு மாத்திட்டிருக்கான். போற எவனாவது தோள்னு சொல்லக் கூடாதா, முதுகுன்னு சொல்லக் கூடாதா?

— முழங்கால்னா யாரும் மேற்கொண்டு கேக்க மாட்டாங்க.

— நான் கேப்பேன்.

— நீங்க கேப்பீங்க. ஆனா கேலி பண்ணாதீங்க, எங்கப்பாவுக்கு நிஜமாவே போச்சு.

— அப்படியா. சொல்லு.

— அவரும் காலேஜில ஷார்ட்ஸ்டாப்தான். கான்சாஸ்ல இதே மாதிரிக் கீழ்த்தட்டு டீம்ல ஆடினார். மறுநாள் மேல அனுப்பறோம்னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ஆட்டத்துல ஒருத்தன் சறுக்கிட்டு வந்து முழங்கால்ல மோதினான். அதோட முடிஞ்சுது. எங்க ஊர்ல அது தெரியாதவங்க கிடையாது. தீயணைப்பு நிலையத்துல, முடிவெட்டற கடையில, எங்க போனாலும், உன் அப்பனுக்கு மட்டும் அந்த முழங்கால் போகாம இருந்திருந்தா...ன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அந்தப் பேரு போதும். தோத்தவன்னு சொல்லாம, அப்பனை மாதிரியே அடிபட்டுட்டான் பாவம்னு சொல்லுவாங்கள்ல.

— எந்த முழங்கால்?

— என்னது?

— பொய் சொல்றதுன்னா சரியாச் சொல்லணும். உனக்கு எந்த முழங்கால்னு அவர் கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல.

— அப்பாவுக்கு இடது. எனக்கும் இடதுன்னே சொல்லிடுங்க.

— இடது. நல்லாத் தெரியுமா?

— இருபது வருஷமாப் பார்க்கறேன். மழை வந்தா இடது காலைத்தான் ஸ்டூல் மேல தூக்கி வச்சுக்குவார். அப்புறம், இன்னொண்ணு. ராத்திரி அவருக்கு இந்த சோபாவைப் போட்டுடலாமா? படி ஏற மாட்டார்.

— ஏறவே மாட்டாரா?

— எங்க வீட்ல என் ரூம் மாடியில. நான் பொறந்ததுலேருந்து அவர் அங்க வந்ததில்ல. ஜுரம் வந்தாக்கூட அம்மாதான் தூக்கிட்டுக் கீழ வருவாங்க. கோப்பை ஜெயிச்சா நான் எடுத்துட்டு இறங்கி வந்து காட்டுவேன், கையில வாங்கிப் பார்த்துட்டு, கொண்டு போய் வைடான்னு குடுத்துடுவார். நான் இந்த வீட்டுக்கு வந்தப்பவும் உங்ககிட்ட முதல்ல அதானே சொன்னேன், அப்பா வந்தா மாடி வேண்டாம்னு.

— சொன்னே. மறக்கல.

— நீங்க ஏன் இன்னிக்கு இப்படி 'ம்'முனு 'ம்'முனு உக்காந்திருக்கீங்க? எப்பவும் பேச விட மாட்டீங்க.

— யோசிக்கிறேன்.

— சரி, நான் போய் அந்தப் பையனை எழுப்பி என் சாமானை எடுத்துட்டு வந்துடறேன். அவன் மேல எனக்குக் கோபமில்ல. யோயெலை மாதிரி இவனையும் தள்ளிட மாட்டேன். கை குடுத்துட்டு வர்றேன். எந்தக் காலேஜாம்?

— எந்தப் பையன்?

— மேல தூங்கறானே, புது ஷார்ட்ஸ்டாப்.

— புதுசா யாரும் வரல. வந்தா திங்கக்கிழமைதான் வருவான்.

— அப்ப என் கட்டில்ல யாரு?

— நீ ஒழுங்கா முன்வாசல் வழியா வந்திருந்தா வண்டியைப் பார்த்திருப்பே. உங்க ஊரு நெப்ராஸ்கா நம்பர். ஆறு மணின்னு சொல்லி வச்சுட்டு, உன்னை அசத்தணும்னு ராத்திரியே கிளம்பி ஓட்டிட்டு வந்திருக்கார்.

— அப்பாவா? மேலயா?

— சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கும்னு நீதான் போன்ல சொல்லியிருக்கே. மணியடிச்சார். நான் கையெல்லாம் சோளநாரா இருந்துச்சுன்னு உடனே போகல. வீட்ல யாருமில்லைன்னு நினைச்சுத் தானே திறந்துட்டு வந்துட்டார். நான் இந்தத் திரைக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன். பார்க்கணும்னு இல்ல, சும்மா நின்னேன்.

— அவரால ஏற முடியாதே வெர்னாம்மா. யார் பிடிச்சுக்கிட்டாங்க அவரை?

— ரெண்டு கையிலயும் பெட்டி. ரெண்டு ரெண்டு படியாத் தாவிப் போனார், ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு. பாதியில எனக்கு இருமல் வந்துடுச்சு. அப்புறம்தான் ஒரு பெட்டியைப் படியில வச்சுட்டு, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நொண்ட ஆரம்பிச்சார், வலது காலை.