வெறும் வானம்

— கேக்கைக் கையிலயே வச்சிருக்கியே, சாப்பிடு கருப்பம்மா. நம்ம ஊட்டி மலையில காமா கதிர் கெடச்சிருக்கு, சரியா? நம்ம பால்வீதி மாதிரி நூத்துக்கணக்குல கூடிக் கெடக்கற அண்டக் கூட்டத்துல இருந்து. உலகத்துல வேற எவனும் கண்டதில்ல!

— கட்டுரை போயிருச்சாங்க, தனசிங் தொரை?

— அச்சாகியே வந்துருச்சு. அடுத்த வாரம் லண்டன்ல மேடையேறிப் பேசறேன். பத்து வருச உழைப்பு. வானத்து வெளிச்சத்தப் புடிக்கற பெரிய கண்ணாடிக்குத் தார்ப்பாய் போட்டு எடுத்த உனக்கும் இதுல பங்கு உண்டு, சரியா?

— அப்ப இனிப் பேசலாம். என் மக அன்னக்கிளிய ஞாபகம் இருக்குங்களா?

— அவளுக்கு நடந்ததுக்கு அன்னிக்கே வருத்தம் சொன்னேனே.

— சிலோன்ல பொறந்து, கப்பலேறி வந்து, மண்டபம் கேம்ப்புல காச்சல்ல கெடந்து பொழச்சவ, தொரை. இங்க கண்ணாடிக்குக் கீழ இருக்கற கூலி லயத்து வீட்டுல பிரசவ வலி எடுத்துத் துடிச்சா. ஒத்தக் குப்பி லாம்பு ஏத்தினேன். நீங்களே எறங்கி வந்து ஊதி அணைச்சீங்க.

— மூணு வாரம் மூடுபனி. அன்னிக்குத்தான் வானம் தெளிஞ்சுச்சு. அந்தக் கண்ணாடிக்கு பீடி நெருப்பே பெரிய வெளிச்சம். ஒரு மணி நேரம் பொறுன்னுதான சொன்னேன்?

— ரத்தம் போனது இருட்டுல மருத்துவச்சிக்குத் தெரியல. என் காலு நனஞ்சப்பதான் தெரிஞ்சுச்சு.

— அதுக்கு இப்ப நான் என்ன பண்றது?

— நான் பண்ணிட்டேங்க. கண்ணாடிய அந்த அண்டக் கூட்டத்துப் பக்கம் திருப்பறப்ப பெல்லை ஒரு தரம் அடிப்பீங்க. அரை மணி கழிச்சு, வெறும் வானத்தைப் பாக்க ரெண்டு தரம். வெறும் வானத்தைவிடக் கூட்டத்துல எவ்வளவு வெளிச்சம் கூடுதலா வருதோ அதான் காமான்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.

— ஆமா. அதுக்கென்ன?

— ஒரு தரம் அடிச்சா, புதருக்குப் பின்னால லாம்ப ஏத்துவேன். ரெண்டு தரம் அடிச்சா ஊதிருவேன்.

— எத்தன ராத்திரி?

— நீங்க கண்ணாடி தொறந்த ராத்திரி பூராவும். ரெண்டு வருசமா.

— அடிப்பாவி! என் மானமே போச்சே! இப்பவே தந்தி குடுக்கறேன். ஒரு கூலிக்காரி விளக்கு வச்சுக் கெடுத்துட்டான்னு பத்திரிகைக்கே எழுதறேன்!

— எழுதுங்க தொரை. ஏன் வச்சான்னு கேப்பாங்க. எம்மக செத்ததுக்கு இந்த ஆபீஸ்ல ஒருத்தரும் ஒரு வரி எழுதல. அவ எப்படிச் செத்தான்னு உங்க கையாலயே எழுதுங்க. அதுக்குத்தான் ரெண்டு வருசம் காத்திருந்தேன்.