கொஞ்சம் மேலே வந்ததும்

மசாஜ் நாற்காலியை விற்பதில் ஒரு தப்பும் இல்லை, ஐயா. நான் ஓய்வு பெற்றபோது சங்கத்தார் வாங்கித் தந்தது. யானையையே உட்காரவைத்துப் பிசைந்து தூங்க வைத்துவிடும். எனக்குத்தான் உடம்புக் கூச்சம் அதிகம். அதனால் மேல்வீட்டுத் தையற்காரருக்கு அரைவிலைக்கு, வெறும் வாய்ப்பேச்சில் கொடுத்தேன். இடிக்கப்போகிற அந்தக் கட்டடத்தில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டே பேர். மூன்றாவது மாடியில் நான், நாலாவதில் அவர்.

பணம் கேட்டால், "நான் கொஞ்சம் மேல வந்ததும் தந்துடறேண்ணே" என்பார். பதினோரு மாதம் இதே பல்லவி. ஆனால் தினமும் காலையில் என் வாசலில் நின்று அதைச் சொல்கிற அழகு இருக்கிறதே. மச்சான் ஏமாற்றிய கதை, மாப்பிள்ளை கோட்டுக்கு மூன்று கை தைத்த கதை. நான் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அவர் போன சற்று நேரத்தில் என் தலைக்கு மேலே நாற்காலி உர்ரென்று ஓடும்.

மேலே வருவது என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். போன திங்கட்கிழமை அவர் சீருடை தைத்த கூலியோடு திரும்பினார். தெருவில் தலை தெரிந்ததுமே மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய்விட்டேன். கயிற்றின் சத்தத்திலேயே லிஃப்ட் பெட்டி எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாடிக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். பிறகு இறங்கிவந்து, முக்காலி போட்டுக் கதவோரம் உட்கார்ந்தேன்.

"தம்பி, மேல வந்தாச்சு. எடுங்க."

அரை நிமிடம் கழித்து அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். கட்டடமே குலுங்கியது என்று வையுங்கள். கால் மணி நேரத்தில் கதவு இடுக்கு வழியாக ரூபாய்த் தாள்கள் ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. இரண்டு தாள் கூடுதல், திருப்பித் தள்ளிவிட்டேன். அடுத்தவர் காசு எனக்கு எதற்கு?

"கணக்குத் தீந்துச்சுண்ணே. இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன். தெறந்து விடுங்க."

அதைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது. கணக்குத் தீர்ந்தால் காலையில் என் வாசலுக்கு யார் வருவார்? ஒரே ஒரு கதை சொல்லுங்கள், திறக்கிறேன் என்றேன். சொன்னார். இன்னொன்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைக் கதையில் நான் முக்காலியிலிருந்தே விழுந்தேன். புதன்கிழமை தண்ணீர், தண்ணீர் என்று ஒரே நச்சரிப்பு. பாட்டில் அந்த இடுக்கில் நுழையவில்லை. அது கதவு செய்தவன் குற்றம். அபாய மணியின் ஒயரைப் பிடுங்கியது மட்டும் நான்தான். கதைக்கு நடுவில் மணி அடித்தால் ரசிக்க முடியுமா?

வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. கோபம். எனக்கும் ரோஷம் உண்டு. அவரே முதலில் பேசட்டும் என்று மூன்று நாள் கதவோரமே உட்கார்ந்திருந்தேன். சரி, பெரியவன் நான்தான் விட்டுக்கொடுக்கவேண்டும் என்று இன்று வாயெடுத்தபோதுதான் நீங்கள் போலீஸ் ஆட்களோடு வந்து கதவைப் பெயர்த்தீர்கள்.

எனக்கு அவர்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.