சாம்பல் கோளின் காற்று

ஏர்கோனில் தண்ணீர் சொட்டினால் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லி ஜனங்களிடம் காசு பிடுங்குகிறார்கள். பெரும்பாலும் அது கேஸ் இல்லை, அழுக்கு. உங்கள் அறையில் சொட்டுவதும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர் சார். வடிகுழாயைக் கழுவச் சொல்லுங்கள், நின்றுவிடும். பெர்மாஸ் ஜெயாவில் ஏர்கோன் ரிப்பேர் பார்க்கும் ரோலண்ட் என்று கேட்டால் சொல்வார்கள், இந்த வேலையில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

பண்டார் தெங்காரா செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைத்தானே கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 'சாம்பல் கோள்' தொடரை நீங்கள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை என்கிறீர்கள். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

நம் ஆட்கள் தமிழில் எடுத்த விண்வெளித் தொடர் அது. கையில் காசில்லாமல் எடுத்தார்கள். செம்பனை வரிசைக்கு நடுவே சாம்பல் நிற வெளிச்சத்தைப் போட்டு, இதுதான் வேற்றுக் கோள் என்றார்கள். நானும் நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், அவர்கள் வைத்தது ஒரே ஒரு விதி, அதை அவர்கள் மீறவில்லை. அந்தக் கோளின் காற்றைச் சுவாசித்தால் மனிதன் செத்துப்போவான். அதனால் எல்லாரும் முகமூடி போட்டிருந்தார்கள். சண்டையிலும் போட்டிருந்தார்கள், காதலிலும் போட்டிருந்தார்கள். ஒரு முறை சமையல்காரனின் முகமூடி கழன்று அவன் மண்ணில் விழுந்து துடித்தபோது, வீட்டில் உட்கார்ந்திருந்த நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தொடர்தான் எனக்கு எல்லாம்.

இரண்டாம் சீசன் சுமார். மூன்றாம் சீசனில் அந்தக் கோளுக்குக் கதாநாயகியின் மாமியார் வந்தார். பூமியிலிருந்து அங்கே போய்ச் சேர முப்பது வருடம் ஆகும் என்று அவர்களே முன்பு சொல்லியிருந்தார்கள். இந்த அம்மா பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, ஒரு பையோடு வந்து இறங்கினார். பூ வாடக்கூட இல்லை. என் மனைவி டோரிஸ் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் எப்படி வந்தார் என்று அவளிடம் கேட்டேன்.

"வந்துட்டாங்கல்ல, விடுங்களேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அப்புறம் விண்கலத்தில் தீபாவளி கொண்டாடினார்கள். மசாலைத்தூள் விளம்பரம் கிடைத்ததும் கட்டளை அறையில் கோழிக் குழம்பு கொதித்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். மாமியாரையே பொறுத்துக்கொண்டவன் நான் என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காம் சீசனுக்கு அவர்களுடைய குகைக்கு ஏர்கோன் போட ஆள் தேடினார்கள். குகை என்றால், ஒரு பழைய சரக்குக் கண்டெய்னர். உள்ளே கறுப்புச் சாயம், அட்டைப் பாறை, மூலையில் புகை மெஷின். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிப் போனேன். கிட்டே இருந்தால் ஏதாவது செய்து தொடரைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

இயக்குநர் டாரில் மரியாதையான பையன். பெரியவன் என்று எனக்கு முதலில் சாப்பாடு எடுத்துக் கொடுப்பான். அவன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. முதல் நாளே முகமூடிகளைப் பெட்டியோடு குகை மூலையில் தள்ளிவிட்டு, இந்த சீசனில் யாருக்கும் இது வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டேன்.

"அண்ணே, மூஞ்சி தெரியணும்லா. கிரீம் கம்பெனிக்காரன் காசு போடுறான். காத்து நல்லாயிருச்சுன்னு வெச்சுக்குங்க."

"எப்படி நல்லாச்சு?"

"சும்மாதான்ணே. யாரு கேக்கப் போறா?"

நான்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். அது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. கதாநாயகன் திமோத்தி பக்கத்தில் நின்று சிரித்தான். முகமூடி போட்டால் தாடை அரிக்கிறதாம். எனக்கு அவமானமாக இருந்தது. இவ்வளவு வருடம் அந்தக் காற்றுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தவனை என்னவென்று நினைத்தார்கள்? ஒரு கோளின் காற்று சும்மா நல்லாகாது, சார். இதைச் சொல்ல ஏர்கோன்காரன் வேண்டியதில்லை.

புரிந்துகொண்டவள் ஃபெலிசியா ஒருத்திதான். கதாநாயகி. வாரநாளில் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாள், சனி ஞாயிறில் நடிக்க வருவாள். அலுப்பை முகத்தில் காட்டமாட்டாள். இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தனக்கும் பழைய சீசன்தான் பிடிக்கும் என்பாள். ரெங்கத்தில் இருக்கும் அவள் அம்மா செய்து கொடுத்த பலகாரத்தை எனக்கென்று எடுத்து வைப்பாள். மகள் என்று ஒருத்தி இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைப்பேன்.

அன்று சனிக்கிழமை காலை. குகைக்குள் திமோத்தியும் ஃபெலிசியாவும் சமாதானமாகிற காட்சி. ஆள் பற்றாக்குறை என்பதால் கேமராவை டாரிலே பிடித்தான். மற்றவர்கள் தூரத்தில் கூடாரத்தடியில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபெலிசியா உள்ளே போகுமுன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு முகமூடியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

"டாரில் ஏசுவாருண்ணே."

"நான் பேசிக்கிறேன்மா. இந்த ஒரு காட்சிக்குப் போட்டுக்க. கழட்டவே கூடாது."

"உங்களுக்காகப் போடுறேன்" என்று சிரித்தாள்.

டாரில் முணுமுணுத்தான். பிறகு, முதலில் இப்படி ஒன்று எடுப்போம், அடுத்ததில் கழற்றிவிடலாம் என்று விட்டுவிட்டான். வெளியிலிருந்து கதவைச் சாத்துவது எப்போதும் என் வேலை. சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். ஏர்கோனை நிறுத்திவிட்டு, வெளியே விளக்குகளுக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகையைக் குகைக்குள் திருப்பிவிட்டேன். உள்ளே ஏற்கெனவே புகை மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு உடனே வித்தியாசம் தெரிந்திருக்காது. தொடரில் உள்ளதை உள்ளபடி வைத்தேன், அவ்வளவுதான். அந்தக் காற்று மறுபடியும் அந்தக் காற்றாக ஆனது.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினார்கள். முதலில் பலமாக, பிறகு மெதுவாக. நான் கதவின் மேல் கை வைத்து நின்றேன். முகமூடிப் பெட்டி உள்ளேதான் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில். டாரிலுக்கும் திமோத்திக்கும் விதி தெரியும். எடுத்து மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ஃபெலிசியாவின் குரல் ஒரு முறை கேட்டது. "அண்ணே" என்றாள். குரல் அமுங்கி வந்தது. முகமூடியைக் கழற்றவில்லை என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சத்தம் அடங்கிய பிறகும் சற்று நின்றுவிட்டுத்தான் கூடாரத்துக்குப் போய் போலீசைக் கூப்பிடச் சொன்னேன்.

டாரிலையும் திமோத்தியையும் கொன்றது நான்தான். யாரும் தூண்டவில்லை, தெரிந்தே செய்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் இந்தத் தாளில் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிட்டுக் கொடுங்கள். அந்த முகமூடி வெறும் பிளாஸ்டிக், சல்லடை மாதிரி ஓட்டை, ஐந்து வெள்ளி பெறாது என்கிறீர்கள். தொடரைப் பார்க்காதவர் அப்படித்தான் பேசுவீர்கள், உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெளியே இவ்வளவு நேரமாக அழுதுகொண்டிருப்பது ஃபெலிசியாவின் அம்மாவா? பாவம், அவரை உள்ளே வரச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நானே சொல்கிறேன். முகமூடியின் வாரை இறுக்கிக் கட்டிவிட்டது நான்தான்.