வால் எப்படி இருக்கு?

எனக்கு விமானத்தில் ஏறப் பயம், சார். ஊர் சேத்தியாத்தோப்பு, வீடு சிதம்பரத்தில். டெல்லியில் மீட்டிங் என்றாலும் ரயிலில்தான் போவேன். இதைச் சொல்லியே டேவிட் ராஜ் எல்லோரையும் சிரிக்க வைப்பான். "இந்த இளவரசு செய்யற வாலை நம்பி நான் மேல போறேன். அவன் ரயில்ல போறான் பாருங்க."

நானும் சேர்ந்து சிரிப்பேன். டேவிட் எங்கள் போர் விமானத்தின் சோதனை விமானி. கடலூர் முதுநகர்க்காரன். கல்லூரி விடுதியில் நாங்கள் ஒரே அறை, அன்றிலிருந்து மச்சான்தான். அவன் விமானப்படைக்குப் போனான். நான் வால் சிறகு வடிவமைக்கப் போனேன். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு இந்த விமானம் எங்களைத் திரும்பச் சேர்த்துவைத்தது. அந்த மாதிரியில் அப்போது ஒரே ஒரு விமானம்தான் இருந்தது.

பறப்பது கடலுக்கு மேலே, கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில். கரையோரக் கட்டடம் ஒன்றில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விமானம் தரையிறங்கும்வரை கதவைத் திறக்க மாட்டார்கள். ஆளுக்கொரு திரை. என் திரையில் வால் மட்டும் தெரியும். விமானத்தின் முதுகில் பின்பக்கம் பார்த்து ஒரு கேமரா வைத்திருந்தோம். ஓட்டுகிறவனால் திரும்பி வாலைப் பார்க்க முடியாது. அதனால் டேவிட் என்னைக் கேட்பான்.

"மச்சான், வால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு, போ."

மேலே அவன், கீழே நான். எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒருநாள் இறங்கி வந்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே என்னிடம் வந்தான். "வேகம் ஏறுனா வால் நடுங்குது மச்சான். காலுல தெரியுது."

"காத்துடா."

"காத்து எனக்குத் தெரியாதா? உனக்காக இன்னொரு தடவை போறேன். அப்பவும் நடுங்குச்சுன்னா மேல சொல்லிடுவேன். கோச்சுக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னது சரி. அடுத்த பறப்புக்கு முன்னால் வாலை நானே சோதித்தேன். வலது பக்கக் கீல் அருகே மயிரிழை போல ஒரு கீறல். கொஞ்சம் பெயின்ட் எடுத்து அதன்மேல் பூசினேன். அதில் தப்பொன்றும் இல்லை, உப்புக்காற்று அரிக்காமல் இருக்க எல்லோரும் பூசுவதுதான். திட்டத்தையே மூடிவிடலாமா என்று பார்க்க டெல்லியிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. வேறு வேலையும் தெரியாது. அந்த வாலுக்குள் நான் எப்போதோ மாட்டிக்கொண்டுவிட்டேன், சார். அது பறந்தால்தான் எனக்கு வெளியே வர வழி.

அன்று வேகம் ஏறியதும் வலது சிறகு படபடத்தது, புயல் காற்றில் தகரக் கூரை அடிப்பது போல. பிறகு பாதிக்கு மேல் கிழிந்து போய்விட்டது. என் திரையில் சத்தம் வராது. பார்க்க அமைதியாகத்தான் இருந்தது.

"மச்சான், ஏதோ அடிச்சுது. மூக்கு கீழ இழுக்குது. வால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. சின்ன ஆட்டம்தான். கொண்டு வந்துடு."

"நெசமாவா? நான் வெளிய வந்துடட்டுமா?"

"வேணாம்டா. நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

அவன் கால்களுக்கு நடுவே ஒரு கைப்பிடி உண்டு. இழுத்தால் இருக்கையோடு ஆளை வெளியே தூக்கிப் போட்டுவிடும், பாராசூட் தானாக விரியும். அவன் இழுக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டான். நானும் இன்னொரு தடவை அதையே சொன்னேன்.

விசாரணையில், என் திரையில் படம் அசையாமல் நின்றுவிட்டது, பழைய படத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன் என்றேன். கேமரா பதிவு என் பொறுப்பில் இருந்தது. அது கெட்டுப்போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானி உரிய நேரத்தில் வெளியேறத் தவறினார் என்று முடித்தார்கள். திட்டம் பிழைத்தது. இப்போது இரண்டாவது விமானம் தயாராகிறது, அதே வாலோடு.

டேவிட்டின் மனைவி ஜூலி என்னைச் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் செய்து சாப்பிடக் கூப்பிடுவாள். போகாவிட்டால் டிபன் கேரியரோடு பஸ் ஏறிச் சிதம்பரத்துக்கே வந்துவிடுவாள். அதற்குப் போய்விடுவதே மேல். மீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் உட்காருவாள்.

"ஏண்ணா அவரு இழுக்கல? எங்க நெனப்பே வரலியா அவருக்கு?"

"பயப்படவே இல்லம்மா. கடைசி வரைக்கும் தைரியமாத்தான் பேசுனான்."

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா, என்ன பேசுனாரு?"

நான் சொல்வேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு மீன் வைப்பாள். அதையும் சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. என்னை இங்கே அடைத்து வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள், சார். அந்தச் சாப்பாட்டு மேசைக்கு இந்த அறை எவ்வளவோ காற்றோட்டம்.

போன மாதம் சாமியார்பேட்டை மீனவர்களின் வலையில் வால் துண்டு மாட்டியது. பெயின்டைச் சுரண்டிப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் கூப்பிட்டதும் நானே வந்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த விமானம் கரை சேரும் என்று நம்பினேனா என்று கேட்டீர்கள். நம்பவில்லை. அந்த வாலோடு எதுவும் கரை சேராது. அதை என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. வெளியே குதித்திருந்தால் ஏதாவது ஒரு மீன்பிடிப் படகு அவனைத் தூக்கியிருக்கும். ஈரத் துணியோடு வந்து நின்று வாலைப் பற்றிச் சொல்லியிருப்பான். விமானம் போனால் இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். அவன் வாயைத் திறந்த பிறகு யாரும் கட்டவிட மாட்டார்கள். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

ஆனால் ஒன்று, சார். வால் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் அவன் எவ்வளவு பயந்திருப்பான். அந்தப் பயம் என் மச்சானுக்கு வராமல் நான் பார்த்துக்கொண்டேன்.